84 நாற்காலிகள், 9 பிள்ளைகள்

அன்புள்ள அக்காவுக்கு, ஸ்தோத்திரம்.

18 மாதத்துக்கு என்று ஒப்புக்கொண்டு தன்னார்வ மிஷனரியாக வெளிநாடு வந்தேன். இது ஏழாவது மாதம். வயது 27. எனக்குக் கொடுத்த பொறுப்பு சிறுவர் ஊழியம். என் பிரச்சினை ஞாயிற்றுக்கிழமைதான்.

ஆராதனை மூன்று மணி நேரம். பேசுவதில் பத்தில் ஒரு பங்கு புரிந்தால் அதிகம். பக்கத்தில் ஒரு சகோதரி மொழிபெயர்க்கிறார். போதகர் ஐந்து நிமிடம் பேசியதை "தேவன் நல்லவர் என்கிறார்" என்று முடித்துவிடுவார். சபை சிரித்து ஓய்ந்த பிறகு நான் சிரிக்கிறேன். எங்கே உட்காருகிறாய் என்று யாரும் கேட்பதில்லை, முன் வரிசைதான். வாராவாரம் மேடைக்குக் கூப்பிட்டு வாழ்த்துச் சொல்லச் சொல்கிறார்கள். காட்சிப்பொருள் மாதிரி இருக்கிறது.

ஆராதனை முடிந்ததும் அதே ஆளுக்கு நாற்காலி அடுக்கும் வேலை. 84 நாற்காலி. எண்ணி அடுக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறேன். கம்ப்யூட்டரில் பாட்டு வரிகளை ஏற்றுவதும் நான்தான். மூன்று மாதம் பயிற்சியில் வேதபாடம் படித்தது இதற்காகவா? முன் வரிசையில் விருந்தாளி, பின்னால் வேலையாள். நடுவில் எனக்கு ஓர் இடம் இல்லை.

உடன் இருக்கும் மூத்த மிஷனரி தம்பதி நல்லவர்கள்தான். ஆனால் எதைச் சொன்னாலும் "ஆரம்பத்தில் எல்லோருக்கும் அப்படித்தான்" என்பதோடு சரி. போதகரிடம் பேசலாம் என்றால் அங்கேயும் மொழிபெயர்க்க அதே சகோதரி.

சிறுவர் வகுப்பும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. எனக்காக ஜெபித்துத் தாங்குகிறவர்களுக்கு மாதாமாதம் எழுதும் ஜெபக் கடிதத்தில் 30 பிள்ளைகள் என்று எழுதி, ஒரு விசேஷ நாள் புகைப்படத்தையும் சேர்த்து அனுப்பிவிட்டேன். வருவது 9 பேர். பாடப்புத்தகத்துக்கு 30 பேர் கணக்கில் காணிக்கையும் வந்துவிட்டது. அது வேறு விஷயம். இருக்கிற 9 பேரும் என் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்கிறார்கள்.

மாதக் கடைசியில் தூக்கம் சரியாக வருவதில்லை, சோர்வாக இருக்கலாம். நகரத்தில் ஆங்கில ஆராதனை நடக்கும் சபை ஒன்று இருக்கிறது. அங்கே போனால் மனம்விட்டு ஜெபிக்கவாவது முடியும். போகலாமா? இல்லை, இது என் அழைப்பே இல்லையா? திரும்பிப் போனால் அனுப்பிய சபையை எந்த முகத்தோடு பார்ப்பேன்? மறுபடியும் சொல்கிறேன், அந்த முன் வரிசையை மட்டும் மாற்றினாலே பாதிப் பாரம் குறையும்.

பெயர் வேண்டாம்

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் முன் வரிசை மூன்று முறை வருகிறது. 30 பிள்ளைகள் ஒரே முறை வருகிறார்கள், அவர்களையும் "அது வேறு விஷயம்" என்று ஒதுக்கிவிட்டீர்கள். மனக்குறையெல்லாம் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி, தூக்கம் கெடுவது மட்டும் மாதக் கடைசியில். ஜெபக் கடிதம் எழுதும் நேரம் அதுதானே? 84 நாற்காலியை ஒன்று பிசகாமல் எண்ணுகிறவருக்கு 9 எப்படி 30 ஆனது? அங்கிருந்தே தொடங்குவோம்.

ஏமாற்ற நினைத்து எழுதியிருக்க மாட்டீர்கள். இத்தனை பேர் ஜெபித்து அனுப்பினார்களே, காட்ட ஒன்றும் இல்லையே என்ற கூச்சம் எழுத வைத்திருக்கும். தூரத்திலிருந்து ஊழியச் செய்தி எழுதுகிறவர்கள் சறுக்கும் இடம் இது. வாசிப்பவர்களால் சரிபார்க்க முடியாது. ஒருமுறை 30 என்று எழுதிவிட்டால் அடுத்த மாதம் குறைத்து எழுதக் கை வராது. ஆனால் அந்த எண்ணை நம்பிக் காணிக்கை வந்த பிறகு இது கூச்சத்தோடு நிற்கவில்லை, கணக்கு ஆகிவிட்டது. இதில் நான் உங்கள் பக்கம் நிற்கமாட்டேன்.

முன் வரிசைக்கு வருவோம். அந்தச் சபையார் வாரத்தில் ஒரு நாள்தான் உங்களை அங்கே உட்கார வைக்கிறார்கள். ஜெபக் கடிதத்தில் உங்களை நீங்களே மாதாமாதம் அங்கே உட்கார வைக்கிறீர்கள். மேடையில் நிற்கும்போது கூசுவது, ஊருக்கு எழுதிய அந்த வெற்றிகரமான மிஷனரி நானில்லை என்று உங்களுக்குத் தெரிவதால்கூட இருக்கலாம்.

நாற்காலி விஷயத்தில் போதகரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மொழி தெரியாத ஒருவர் முழுமையாகச் செய்து முடிக்கக்கூடிய வேலையை உங்களுக்குக் கொடுத்திருக்கிறார். விருந்தாளியை யாரும் நாற்காலி தூக்கச் சொல்வதில்லை. நடுவில் ஓர் இடம் இல்லை என்கிறீர்கள், அந்த 84 நாற்காலியை உங்களோடு சேர்ந்து அடுக்குகிறவர்கள் யார் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அவர்கள் பெயர் தெரியுமா?

மூத்த தம்பதி சொன்னது பாதிதான் சரி, ஏழாவது மாதம் ஆரம்பம் அல்ல. 1955-இல் சுவேரே லிஸ்கார்ட் என்ற நார்வே ஆய்வாளர், அமெரிக்காவில் தங்கித் திரும்பிய 200 நார்வேக்காரர்களை விசாரித்தார். 6 மாதத்துக்குக் குறைவாக இருந்தவர்களும் 18 மாதத்துக்கு மேல் இருந்தவர்களும் ஓரளவு ஒட்டிக்கொண்டார்கள், இடைப்பட்ட காலம் இருந்தவர்கள்தான் அதிகம் தவித்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் இதை அப்படியே ஏற்கவில்லை, சிலருக்கு முதல் மாதமே மிக மோசம். எப்படியானாலும் ஏழாவது மாதச் சலிப்பை வைத்து அழைப்பை அளக்காதீர்கள்.

எண்ணைப் பற்றி இன்னொன்று. ஆங்கிலேய மிஷனரி வில்லியம் கேரி வங்காளம் வந்து சேர்ந்தது 1793 நவம்பரில். அவர் கையால் முதல் இந்தியர் ஞானஸ்நானம் பெற்றது 1800 டிசம்பரில். ஏழு ஆண்டுகள் அவர் கணக்கில் எழுத ஒருவர்கூட இல்லை. உங்களிடம் 9 பேர் இருக்கிறார்கள்.

அந்த 9 பேர் சிரிப்பதும் நல்லதற்கே. பெரியவர்கள் மரியாதைக்காக உங்கள் பிழையை விழுங்கிக்கொள்வார்கள், பிள்ளைகள் முகத்துக்கு நேரே திருத்துவார்கள். 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் எழுதித்தான் தமிழ் எழுத்தைப் படித்தார். வகுப்பின் முதல் பத்து நிமிடம் அவர்கள் ஆசிரியர்களாக இருக்கட்டும். அன்றைய வேதக் கதையின் ஐந்து வாக்கியங்களை நீங்கள் வாசியுங்கள், அவர்கள் திருத்தட்டும். அந்த ஐந்தையே அடுத்த ஞாயிறு மறுபடி வாசியுங்கள். 30 பேர் இருந்தால் இதைச் செய்யவே முடியாது.

செய்ய வேண்டியதில் முதலாவது ஜெபக் கடிதம். இந்த வாரமே, எழுதும் முன், உங்களை அனுப்பிய அமைப்பின் பொறுப்பாளரிடம் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். பிறர் வாயால் கேட்டால் அவரும் சங்கடப்படுவார். கடிதத்தின் முதல் பத்தியில், எந்த மாதம் என்ன எண் எழுதினேன், உண்மை எண் என்ன, புகைப்படம் எந்த நாளில் எடுத்தது, புத்தகத்துக்கு எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவு, மீதி எவ்வளவு, அதைத் திருப்பி அனுப்பவா வேறு தேவைக்கு வைக்கவா என்று எழுதுங்கள். காரணம் எழுதாதீர்கள், அது சாக்குப்போக்காகத்தான் படும். ஒருவர் இருவர் காணிக்கையை நிறுத்தலாம். அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். இனி வகுப்புக்குப் பெயர்ப் பதிவேடு வையுங்கள், எண்ணை அதிலிருந்து மட்டும் எடுங்கள்.

ஆங்கில ஆராதனைக்கு மாதம் ஒருமுறை, வார நாள் மாலையில் ஏதாவது கூட்டம் இருந்தால் போய் வாருங்கள், மனம் இளைப்பாறும். ஞாயிறு காலையை அதற்குக் கொடுத்தால் இந்தச் சபையில் ஏழாவது மாதத்திலேயே நின்றுவிடுவீர்கள். பிரசங்கப் பகுதியைச் சனிக்கிழமையே கேட்டு வாங்குங்கள். தமிழில் ஒருமுறை, அந்த ஊர் மொழி வேதாகமத்தில் ஒருமுறை வாசித்துவிட்டுப் போனால், மொழிபெயர்க்கும் சகோதரி தலைப்பை மட்டும் சொன்னாலும் போதும். பாவம், மூன்று மணி நேரம் ஆராதிக்காமல் உட்கார்ந்திருப்பது அவரும்தான்.

இடம் மாற வேண்டுமென்றால் ஞாயிறன்று கேட்காதீர்கள். வார நாளில் போதகரைப் பார்த்து, "பேசப் பழகவேண்டும், வயதான அம்மா யாராவது பக்கத்தில் உட்காரலாமா?" என்று அனுமதி கேளுங்கள். இந்த ஒரு வாக்கியத்தை மொழிபெயர்ப்பாளர் இல்லாமல், மனப்பாடம் செய்து, நீங்களே கேளுங்கள்.

திரும்பிப் போவதைப் பற்றி இப்போது பேசவேண்டாம். முகம் காட்ட முடியாது என்ற பயத்தில் தங்குவதும் சரியல்ல, அதே பயத்தில் கிளம்புவதும் சரியல்ல. கடிதம் போய், பதில்கள் வந்த பிறகு மாதக் கடைசியில் எப்படித் தூங்குகிறீர்கள் என்று பாருங்கள். அப்போதும் இரண்டு வாரம் தொடர்ந்து தூக்கம் இல்லையென்றால் மருத்துவரைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். நாற்காலி அடுக்குகிறவர்களின் பெயர்களையும் சேர்த்து எழுதுங்கள்.