Re: ஜான் ஹோப் ஃபிராங்க்ளின் பற்றிய கட்டுரை வறண்டு போகிறது

அமெரிக்கக் கறுப்பின வரலாற்றாசிரியர் ஃபிராங்க்ளினின் பட்டங்களையும் விருதுகளையும் ஆண்டுவாரியாக அடுக்கியும் கட்டுரை உயிரில்லாமல் கிடக்கிறது என்கிறீர்கள். அந்தப் பட்டியலை அப்படியே தூக்கிப் போடுங்கள். ஹார்வர்ட் முனைவர் பட்டம், 1941. இந்த ஒரு வரி போதும்.

வட கரோலினா மாநிலத் தலைநகர் ராலேயில் தொடங்குங்கள். 1939இல் அங்குள்ள மாநில ஆவணக் காப்பகத்துக்கு ஆய்வுக்காகப் போகிறார். கறுப்பின ஆய்வாளர் ஒருவர் வருவார் என்று அங்கே யாரும் நினைத்தே பார்க்கவில்லை. சில நாள் அவகாசம் கேட்டு அவருக்குத் தனி அறை ஒதுக்குகிறார்கள். வெள்ளைப் பணியாளர்கள் அவருக்கு எடுத்துக் கொடுக்க வேண்டாமே என்று ஆவண அடுக்குகளின் சாவியையே கையில் தருகிறார்கள்! வெள்ளை ஆய்வாளர்கள் 'எங்களுக்கும் சாவி வேண்டும்' என்று சண்டைக்கு வர, சாவி திரும்பிப் போகிறது. அந்த ஆய்விலிருந்து வந்ததுதான், வட கரோலினாவில் அடிமைத்தளையில் இல்லாத கறுப்பினத்தவர் பற்றிய அவருடைய முதல் நூல் (1943).

அப்புறம் பின்னோக்கிப் போகலாம்: ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் 1921இல் வெள்ளையர் கும்பல் கறுப்பினத்தவர் பகுதியைத் தாக்கிய வன்முறையில், வழக்கறிஞரான அப்பாவின் அலுவலகம் எரிந்தது. அதனால் குடும்பம் அங்கே போய் அப்பாவுடன் சேர 1925 ஆகிவிட்டது.

நூல்களில், அமெரிக்கக் கறுப்பினத்தவரின் வரலாற்றைச் சொல்லும், 1947இல் வந்த 'ஃப்ரம் ஸ்லேவரி டு ஃப்ரீடம்' பற்றி விரிவாக எழுதுங்கள். பள்ளிகளில் இனப்பிரிவினையை எதிர்த்த பிரௌன் வழக்குக்கு ஆய்வு உதவி செய்ததையும் விடாதீர்கள், தீர்ப்பு 1954. பதவிகளில் 1956இல் நியூயார்க்கின் புரூக்ளின் கல்லூரியில் கிடைத்த வரலாற்றுத் துறைத்தலைமை மட்டும் போதும். பதவி கிடைத்தும் நிறத்தால் அங்கே வீடு வாங்கப் படாதபாடு பட்டார். அவருடைய தன்வரலாறு 2005இல் வந்தது. கிடைத்தால் முதலில் அதைப் படியுங்கள்.