பழைய காரை விற்கப் போகிறீர்களா? குறையை நீங்களே முதலில் சொல்லுங்கள்

இந்த முறை வந்த கேள்விகளை அடுக்கி வைத்துப் பார்த்தேன். எல்லாமே “வண்டி அருமையாக இருக்கிறது, ஆனால்…” என்றுதான் தொடங்குகின்றன. அந்த ‘ஆனால்’-ஐ எப்படி மறைப்பது என்று சிலர் கேட்கிறார்கள், எப்படிச் சொல்வது என்று சிலர். நான் இரண்டாவது கட்சி. வருஷக்கணக்காகப் பழைய வண்டிகளை வாங்கி, விற்று, பிறர் வாங்கப்போகும் வண்டிகளின் அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்ததில் வந்த புத்தி அது.

முன் மட்கார்டில் இரண்டு சிறு கொப்புளம், இடது கதவில் நிறம் மங்கியிருக்கிறது. மற்றபடி எல்லாம் கம்பெனி பெயின்ட். முழுசாக ரீபெயின்ட் செய்து விற்றால் விலை கூடுமா?

கூடாது. குறைவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். புதுப் பெயின்ட்டில் மினுமினுக்கும் பழைய காரைப் பார்த்ததும், விவரம் தெரிந்தவர் மனதில் எழும் முதல் கேள்வி ‘எதை மூடியிருக்கிறார்கள்?’ என்பதுதான். உள்ளே பட்டி (பள்ளத்தை நிரப்ப அப்பும் பூச்சு) எவ்வளவு, துரு எவ்வளவு, எங்காவது மோதிய வண்டியா? நீங்கள் வாயால் சொல்வதை அவர் நம்ப வேண்டியதில்லை. பெயின்ட் தடிமன் பார்க்கும் கருவியைக் கையோடு கொண்டு வந்திருப்பார். கம்பெனி பெயின்ட் பெரும்பாலும் 100 மைக்ரான் (மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு), அதற்குக் கொஞ்சம் மேலே கீழே காட்டும். அதன்மேல் இன்னொரு முறை அடித்திருந்தால் இரட்டிப்பாகும். பட்டி பார்த்த இடத்தில் ஆயிரத்தையே தாண்டும். கருவி இல்லாதவர் மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தை வைத்துப் பார்ப்பார். பட்டி தடிமனாக இருக்கும் இடத்தில் அது ஒட்டாமல் நழுவிவிடும்.

மங்கிய நிறம் இப்போது குறையாகவே பார்க்கப்படுவதில்லை. அமெரிக்காவில் பெப்பிள் பீச்சில் நடக்கும் புகழ்பெற்ற பழைய கார் போட்டியில், கண்ணாடிபோல மின்னும் புதுப்பித்த வண்டிகள்தான் காலங்காலமாக முதல் பரிசை அள்ளிவந்தன. 2024-இல் அது மாறியது. புதுப்பிக்காமல் அப்படியே காத்து வைத்த வண்டிகளுக்கான பிரிவிலிருந்து 1934-ஆம் வருஷத்து புகாட்டி டைப் 59 ஒன்று முதல்முறையாக அந்தப் பரிசைத் தட்டிச் சென்றது. உங்களுடையது புகாட்டி இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் வாங்குகிறவர்களின் கண் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது அதில் தெரிகிறதே.

கொப்புளம் வேறு விஷயம். அதை அலட்சியம் செய்யாதீர்கள். மட்கார்டின் உட்புறம் டார்ச் அடித்துப் பாருங்கள், விரலால் அழுத்துங்கள். உட்புறத் தகடு கெட்டியாக, சுத்தமாக இருந்தால் அது மேல்துரு. போட்டோ எடுத்து விளம்பரத்தில் போட்டுவிட்டு மேலே போகலாம். உள்ளேயும் செதில் செதிலாக உதிர்ந்தால், துரு உள்ளிருந்து வெளியே வந்துகொண்டிருக்கிறது. அப்போது தகடு மாற்றி வெல்டிங் செய்து அந்த வேலையை ஒவ்வொரு கட்டமாகப் படம் எடுத்து வையுங்கள், அல்லது துரு இருக்கிறது என்று எழுதி அதற்கேற்ற விலை வையுங்கள். மேலே பட்டி அப்பிப் பெயின்ட் அடிப்பது மட்டும் வேண்டாம்.

நானே அந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். ஒரு மோரிஸ் மைனர். முன் மட்கார்டில் ஒரு கீறல்தான் இருந்தது, பார்க்க நன்றாக இருக்கட்டுமே என்று அந்த ஒரு பாகத்துக்கு மட்டும் பெயின்ட் அடித்தேன். வந்தவர்களில் மூன்று பேர் வரிசையாகக் கேட்டது: “இந்தப் பக்கம் எங்கே இடித்தீர்கள்?” கீறலை அப்படியே விட்டிருந்தால் அது வெறும் கீறலாகவே இருந்திருக்கும்.

என்னுடையது 1972 மாடல். ‘வின்டேஜ் கார் விற்பனைக்கு’ என்று போடலாமா?

பேச்சில் யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் பிரிட்டிஷ் வழக்கில் வின்டேஜ் என்றால் 1919 முதல் 1930 வரை செய்யப்பட்ட வண்டி. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபீவா, குறைந்தது 30 வயதான, அசல் நிலையில் காக்கப்பட்ட, தினசரிப் போக்குவரத்துக்கு ஓட்டாத வண்டியை ‘வரலாற்று வாகனம்’ என்கிறது. சட்டப்படியான வரையறை நாட்டுக்கு நாடு வேறு. விளம்பரத்தில் வருஷத்தையும் மாடலையும் எழுதுங்கள். அது போதும்.

குறைகளை விளம்பரத்திலேயே எழுதச் சொல்கிறீர்கள். எழுதினால் யார் சார் போன் பண்ணுவார்கள்?

வாங்கப் போகிறவர் பண்ணுவார். வேடிக்கை பார்க்கிறவர்தான் குறைவார். அவர் குறைந்தால் உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மிச்சம்.

‘நல்ல கன்டிஷன்’, ‘ஷோரூம் போல’ என்பதெல்லாம் எல்லோரும் எழுதி எழுதித் தேய்ந்துபோன சொற்கள். யாரும் படிப்பதில்லை. மாறாக இப்படி எழுதிப் பாருங்கள்: “டிரைவர் சீட்டின் இடது ஓரத் தையல் நான்கு விரல் நீளத்துக்குப் பிரிந்திருக்கிறது. கடிகாரம் ஓடவில்லை. பின் பம்பரில் க்ரோம் இரண்டு இடத்தில் புள்ளி விட்டிருக்கிறது. தரைத்தகடு வெல்டிங் கண்டதில்லை, படங்கள் இருக்கின்றன.” கடைசி வரியை வாங்குகிறவர் நம்புவது, முதல் மூன்று வரிகளை நீங்கள் எழுதியிருப்பதால்தான்.

படங்களில் கஞ்சத்தனம் வேண்டாம். மேகமூட்டமான பகல் வெளிச்சம் நல்லது. உச்சி வெயிலின் பளபளப்பு பாதிக் குறையை விழுங்கிவிடும். கழுவிய ஈரத்தோடு எடுக்காதீர்கள். ஈரத்தில் மங்கிய பெயின்ட்கூட மின்னும், நேரில் வந்தவர் ஏமாந்துபோவார். ஒவ்வொரு குறையையும் பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்து எடுங்கள், அளவு தெரியட்டும். வண்டியின் அடிப்பாகம், டிக்கியில் ஸ்டெப்னிக்குக் கீழே இருக்கும் தகடு, கதவின் அடி விளிம்பு மூன்றும் கட்டாயம். தெரிந்தவர் முதலில் கேட்பதே அவைதான்.

ஓடோமீட்டர் 47,000 காட்டுகிறது. ஐந்து இலக்கம்தான். ஒரு சுற்று முடிந்ததா என்று எங்களுக்கே தெரியாது.

‘மீட்டர் 47,000 காட்டுகிறது’ என்று எழுதுங்கள். ‘47,000 மட்டுமே ஓடியது’ என்று எழுதாதீர்கள். ஐந்து இலக்க மீட்டர் 99,999-ஐத் தாண்டினால் மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். பழைய சர்வீஸ் ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்குங்கள், பல நேரம் அவற்றிலேயே விடை இருக்கும். இல்லாவிட்டால் பிரேக், கிளட்ச் பெடல்களின் ரப்பர், ஸ்டியரிங் விளிம்பு, டிரைவர் சீட் மூன்றின் தேய்மானமும் ஏறக்குறைய உண்மையைச் சொல்லிவிடும். பெடல் ரப்பர் மட்டும் புத்தம்புதிதாக இருந்தால் நான் சந்தேகப்படுவேன்.

என்ஜின் ஒரு காலத்தில் மாற்றப்பட்டது. அதே வகை என்ஜின்தான், நம்பர் மட்டும் வேறு. இதனால் பெரிய அடி விழுமா?

வண்டியைப் பொறுத்தது. எண்ணிக்கையில் அரிதான, பந்தயப் பெருமை உள்ள மாடல்களில் சேஸிஸோடு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தோடு, பிறந்த என்ஜின் இருக்கிறதா என்பதே விலையைத் தீர்மானிக்கும். லட்சக்கணக்கில் வெளிவந்த குடும்பக் கார்களில் அந்த அளவுக்கு இல்லை. சரியான வகை, நல்ல நிலை என்றால் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்வார்கள். ஆவணத்தில் இருக்கும் என்ஜின் நம்பரும் வண்டியில் பொறித்த நம்பரும் ஒன்றா என்று மட்டும் இன்றே பாருங்கள். வேறாக இருந்தால் விளம்பரத்துக்கு முன்பே பதிவைச் சரிசெய்யுங்கள். பேரம் முடிந்த பிறகு அது தெரியவந்தால் வாங்குகிறவர் அங்கேயே எழுந்து போய்விடுவார்.

டயர்களில் பட்டன் அப்படியே இருக்கிறது, ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை. மெக்கானிக் மாற்றச் சொல்கிறார். அவசியமா?

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2314 என்றால் 2014-ஆம் வருஷத்தின் 23-ஆம் வாரம் செய்தது. மூன்று இலக்கம்தான் என்றால் 2000-க்கு முந்தைய டயர், ஓட்டாமல் நிறுத்திவிடுங்கள். ரப்பருக்கு வயது உண்டு. ஓடாமல் நின்றாலும் இறுகும், நுண்ணிய வெடிப்பு விடும். பட்டன் ஆழமாக இருப்பது எதற்கும் உறுதி இல்லை.

இங்கே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். கண்ணுக்கு உறுத்தும் குறை ஒரு வகை, உயிரோடு விளையாடும் குறை வேறு வகை. முதலாவதை அப்படியே விட்டுச் சொல்லிவிடலாம். இரண்டாவதைச் சொன்னால் மட்டும் போதாது, சரிசெய்துவிட வேண்டும். டெஸ்ட் டிரைவில் ஸ்டியரிங்கைப் பிடிக்கப்போவது உங்களுக்கு அறிமுகமே இல்லாத ஒருவர்.

அந்த இரண்டாவது பட்டியல் சின்னதுதான். டயர். பிரேக் ஆயில்: சாதாரண டாட் 3, டாட் 4 வகைகள் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், ஈரம் ஏறினால் கொதிநிலை இறங்கும், உள்ளே சிலிண்டர்கள் துருப்பிடிக்கும். வண்டி எவ்வளவு குறைவாக ஓடியிருந்தாலும் மாற்றுங்கள். பிறகு பெட்ரோல் ஹோஸ்கள். இப்போது பல இடங்களில் பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள். அந்தக் காலத்து ரப்பர் அதைத் தாங்காது; ஊறும், மெத்தென்றாகும், கசியும். சூடான என்ஜின் மேல் கார்புரேட்டர் பக்கம் சொட்டும் பெட்ரோலை நினைத்துப் பாருங்கள். புது ஹோஸுக்கு ஆகும் செலவு இந்த வண்டியில் நீங்கள் செய்த எந்தச் செலவையும்விடக் குறைவாகத்தான் இருக்கும்.

ஈயம் கலந்த பெட்ரோல் காலத்து என்ஜினா? ஈயம்தான் அப்போது வால்வு சீட்டுகளை (வால்வு வந்து மூடும் விளிம்புகளை) தேயாமல் காத்தது. என்ஜின் ஹெட்டில் கடினப்படுத்திய சீட்டுகள் மாற்றியிருந்தால் அந்த ரசீதை எடுத்து முன்னால் வையுங்கள். மாற்றவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள்.

நிறுத்தும் இடத்தில் எண்ணெய் சொட்டுகிறது. காலையில் ஸ்டார்ட் ஆகக் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். யாராவது பார்க்க வரும்முன் தரையைத் துடைத்து, என்ஜினைச் சூடு பண்ணி வைக்கலாம்தானே?

தரையைத் துடையுங்கள், அது வீட்டுச் சுத்தம். என்ஜினைத் தொடாதீர்கள். வருகிறவர் கையைக் குலுக்கியதும் அடுத்து பானட்டின் மேல்தான் கையை வைப்பார். சூடு இருந்தால் உங்கள் பேச்சில் பாதி அங்கேயே கரைந்துபோகும். குளிர்ந்த என்ஜினில் சோக் இழுத்து, எத்தனை முறை செல்ஃப் அடிக்கிறதோ அத்தனையும் அவர் கேட்கட்டும். முதல்நாளே அதை வீடியோ எடுத்து அனுப்பிவிட்டால் இன்னும் நல்லது.

சொட்டும் எண்ணெய் எங்கிருந்து என்று கண்டுபிடிக்க, இரவில் வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து, சக்கரங்கள் இருக்கும் இடத்தை அதில் பேனாவால் குறித்து வையுங்கள். காலையில் எந்த இடத்தில் எந்த நிறம் என்று தெரிந்துவிடும். கறுப்பும் பழுப்புமாக நடுவில் இருந்தால் என்ஜின் அல்லது கியர்பாக்ஸ். அந்தக் காலத்து சீல்களில் ஓரிரு சொட்டு விழுவது சகஜம். சக்கரத்துக்கு உட்புறம் ஈரம் என்றால் பிரேக் ஆயிலாக இருக்கலாம். அப்படியானால் மேலே சொன்ன இரண்டாவது பட்டியலுக்கு வந்துவிட்டீர்கள்.

6 வோல்ட்டை 12 ஆக மாற்றி, எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டிருக்கிறேன். பழையபடி திருப்பணுமா?

வேண்டாம். 1950-களின் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரில் 6 வோல்ட் விளக்கோடு இரவில் ஓட்டிப் பார்த்த யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டார்கள். கழற்றிய பழைய டைனமோ, இக்னிஷன் பாயின்ட், விளக்குகளைத் தூக்கி எறியாமல் வைத்திருக்கிறீர்களா? இருந்தால் வண்டியோடு கொடுங்கள். திருப்பிக் கொண்டுவர முடிந்த மாற்றம் விலையைக் கெடுப்பதில்லை. தகட்டை வெட்டி, ஓட்டை போட்டுச் செய்த மாற்றம்தான் கெடுக்கும்.

பார்க்க வருகிறவர் ஒவ்வொரு கீறலையும் காட்டி விலையை இறக்குகிறார்.

நீங்கள் எழுதாத குறையைக் கண்டுபிடித்தால் இறக்க அவருக்கு உரிமை உண்டு. எழுதியதைக் காட்டினால், “அதைக் கழித்துத்தான் இந்த விலை” என்று ஒரே வாக்கியத்தில் முடியுங்கள். சீட் தையலுக்கும் க்ரோமுக்கும் எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே கடையில் கேட்டு எழுதி வாங்கி வைத்தால், அவர் சொல்லும் கற்பனைத் தொகைக்கு நீங்கள் தலையாட்ட வேண்டியதில்லை.

டெஸ்ட் டிரைவுக்கு முதல் பாதி நீங்கள் ஓட்டுங்கள், இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கட்டும், அவருடைய லைசென்ஸைப் பாருங்கள், நீங்களும் உள்ளே உட்காருங்கள். பணம் கணக்கில் ஏறியதை நீங்களே பார்த்த பிறகு கையெழுத்து. அவர் போனில் காட்டும் படம் கணக்கில் சேராது.

ஷெட்டில் ஒரு பெட்டி நிறையப் பழைய பாகங்கள் கிடக்கின்றன. தனியாக விற்கலாமா?

தனியாக விற்றால் அங்கே இங்கே கொஞ்சம் வரும், ஆறு மாதம் ஓடும். வண்டியோடு கொடுத்தால் விலையில் நீங்கள் பிடித்த பிடியில் நிற்க உதவும். இந்தக் காருக்கு ஒரு வைப்பர் மோட்டாரோ கதவுக் கைப்பிடியோ தேடி அலைந்தவருக்கு அந்தப் பெட்டியின் அருமை தெரியும். ஒவ்வொன்றிலும் சீட்டுக் கட்டி, மூடியில் பட்டியல் ஒட்டுங்கள். ஜாக்கி, கம்பெனி டூல்ஸ், ஓனர் புத்தகம் எல்லாம் அதிலேயே போகட்டும். இரண்டாவது சாவியையும் இப்போதே தேடி எடுத்துப் போட்டுவிடுங்கள். விற்று வெகுநாள் கழித்து அலமாரியில் கிடைத்த ஒரு டிக்கி சாவியைக் கொடுப்பதற்காகவே நான் ஒருமுறை அரைநாள் பஸ்ஸில் போய் வந்திருக்கிறேன்.