இரண்டு இணைப்பு, ஒரே சுவிட்ச்

கேள்வி: எங்கள் மீன் ஏற்றுமதி அலுவலகத்தில் எட்டு கணினிகள். 100 எம்பிபிஎஸ் ஃபைபரும், 25 வரை கிடைக்கும் 4ஜி சிம் ரூட்டரும் இருக்கின்றன. இரண்டையும் ஒரே சுவிட்சில் செருகினால் 125 வரும் என்று நினைத்தோம். இப்போது சில கணினிகளில் நெட்டே வரவில்லை. என்ன செய்வது?
– வாசகர், மண்டபம்

பதில்: முதலில் சிம் ரூட்டரைக் கழற்றுங்கள். இரண்டு பெட்டிகளும் போட்டி போட்டு கணினிகளுக்கு ஐபி முகவரி (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள எண்) கொடுக்கின்றன. இரண்டு பெட்டிகளின் சொந்த முகவரியும் 192.168.1.1 என்று இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

டிபி-லிங்க் ஈஆர்605 போன்ற டூயல் வான் (WAN) ரூட்டர், அதாவது இரண்டு வெளி இணைப்புகளை ஏற்கும் ரூட்டர் ஒன்று வாங்குங்கள். ஃபைபர் பெட்டி 192.168.1.1, சிம் ரூட்டர் 192.168.2.1, புது ரூட்டரின் உள்பக்கம் 192.168.10.1 என்று பிரித்துவிடுங்கள். இரண்டு பெட்டிகளின் கேபிளும் அதன் வான் போர்ட்டுகளுக்கு. சுவிட்சுக்கு அதிலிருந்து ஒரே கேபிள். லோடு பேலன்சிங், அதாவது இரண்டு லைனுக்கும் வேலையைப் பிரிக்கும் விகிதம், ஃபைபருக்கு 4, சிம்முக்கு 1.

அப்போதும் ஒரு ஃபைலை இறக்கினால் 125 வராது. ஒரு டவுன்லோடு ஒரு லைனில்தான் ஓடும். எட்டுப் பேர் வேலைதான் இரண்டிலும் பிரியும். இரண்டு லைனையும் நிஜமாகவே ஒன்றாகச் சேர்க்க, இணையத்தின் மறுமுனையில் ஒரு சர்வர் வேண்டும். உங்களுக்கு அது வீண் செலவு.

ஜிஎஸ்டி, வங்கித் தளங்கள் பாதியில் வெளியே தள்ளினால், நடுவில் ஐபி மாறியதுதான் காரணம். கணக்கர் கணினிக்கு நிலையான ஐபி கொடுத்து, ஃபைபரிலேயே போகும்படி ரூட்டரில் விதி எழுதுங்கள். ஃபைபர் போனால் மட்டும் அது சிம்முக்கு மாறட்டும்.

பலர் கோட்டைவிடுவது சோதனையில். வெளியே ஃபைபர் அறுந்தாலும் பெட்டிக்கு மின்சாரம் இருக்கும்வரை வான் போர்ட்டு விளக்கு எரியும். ரூட்டர் லைன் நன்றாக இருப்பதாக நம்பிவிடும். அதனால் இணையத்தில் உள்ள 8.8.8.8, 1.1.1.1 இரண்டுக்கும் ரூட்டரிலிருந்து பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சிறு சோதனைச் செய்தி) போகும்படி வையுங்கள். சோதிக்கும்போது லேன் கேபிளை அல்ல, பச்சை முனை ஃபைபர் வயரைப் பிடுங்கிப் பாருங்கள். மாறும் நொடியில் வீடியோ கால் அறுபடும், அது இயல்பு.

உப்புக் காற்றில் லேன் கேபிள் முனையின் (ஆர்ஜே45) பின்கள் பச்சை பூத்து, 1000 எம்பிபிஎஸ்ஸில் ஓட வேண்டிய போர்ட்டு 100க்கு இறங்கும். சுத்தம் செய்து நேரத்தைப் போக்காமல் முனையை வெட்டிப் புது முனையை கிரிம்ப் செய்யுங்கள் (அழுத்திப் பொருத்துங்கள்).

கேள்வி: சிம் லைனுக்கு மாறியதும் கடை கேமராவை வெளியிலிருந்து பார்க்க முடியவில்லை. போர்ட் ஃபார்வர்டு (வெளியிலிருந்து கேமராவுக்கு ரூட்டரில் வழி திறப்பது) செய்தும் பயனில்லை.
– வாசகர், கீழக்கரை

பதில்: சிம் ரூட்டரின் வான் ஐபியை, அதாவது வெளிப்பக்க முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால் அது பலருக்குப் பொதுவான முகவரிக்குப் பின்னால் இருக்கிறது. போர்ட் திறந்தும் வழியில்லை. டிவிஆரின் (கேமராப் பதிவுப் பெட்டியின்) பி2பி வசதியை, அதாவது போர்ட் திறக்காமலே ஆப்பில் பார்க்க உதவும் வசதியை இயக்கி, க்யூஆர் கோடை ஆப்பில் ஸ்கேன் செய்துகொள்ளுங்கள்.