மியாமி அரிசி

கேள்வி: வெளிநாடுகளுக்கு உதவி வழங்கிவந்த யு.எஸ்.எய்ட் அமைப்பை 2025-இல் அமெரிக்கா மூடிவிட்டது. பணக்கார நாடுகள் இத்தனை ஆண்டுகள் கொட்டிக் கொடுத்தும் ஏழை நாடுகள் தலையெடுக்கவில்லையே, அங்குள்ள ஆட்சியாளர்களின் ஊழல்தானே காரணம்?
– வாசகர் ஒருவர், கும்பகோணம்

பதில்: ஊழலுக்குக் கடைசியில் வருகிறேன். 'கொட்டிக் கொடுத்தும்' என்கிறீர்களே, அதில் 'கொட்டி' சரியான சொல். எதை, யார் தலையில் கொட்டினார்கள் என்று கேட்க மறந்துவிட்டீர்கள். காவிரிக் கரைக்காரர் நீங்கள். நெல்லை வைத்தே பேசுவோம்.

கரீபியக் கடலில் உள்ள ஏழை நாடான ஹைட்டியில் ஆர்த்திபோனித் என்று ஓர் ஆறு. அந்த ஆற்றுப் பள்ளத்தாக்கு அவர்களுடைய தஞ்சாவூர். 1980-களின் தொடக்கம் வரை ஹைட்டி தனக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதியைத் தானே விளைவித்துக்கொண்டது. பிறகு, கடன் கொடுத்தவர்களும் உதவி செய்தவர்களும் சொல்லி வைத்தாற்போல 'சந்தையைத் திற' என்றார்கள். 1994-இல், ராணுவம் விரட்டியிருந்த அதிபர் அரிஸ்டீட், அமெரிக்கப் படைகளின் துணையோடு நாடு திரும்பினார். துணைக்கு வந்தவர்களிடம் பேரமா பேச முடியும்? மறு ஆண்டே அரிசி மீதான இறக்குமதி வரி 35 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாக இறங்கியது. அமெரிக்க அரசின் மானியத்தில் விளைந்த அரிசி கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. 'மியாமி அரிசி' என்று சந்தையில் அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். மானியம் என்ற சொல்லையே அறியாத ஆர்த்திபோனித் விவசாயி அந்த விலைக்கு ஈடு கொடுப்பாரா? வயலை விட்டுவிட்டுத் தலைநகரின் குடிசைகளுக்குப் போனவர்கள் ஏராளம். 2010 ஜனவரி நிலநடுக்கத்தில் இடிந்து விழுந்தது, அப்படிப் பிதுங்கி வழிந்த அந்த நகரம்தான்.

இரண்டு மாதம் கழித்து, வரி இறங்கியபோது அமெரிக்க அதிபராக இருந்த பில் கிளின்டன் அமெரிக்க செனட் குழுவின் முன் அமர்ந்து, அந்தக் கொள்கை தவறு என்று ஒப்புக்கொண்டார். தன் ஆர்கன்சா விவசாயிகள் சிலருக்கு வேண்டுமானால் அது நன்மை செய்திருக்கலாம் என்றார். ஆர்கன்சா அவருடைய சொந்த மாநிலம். அமெரிக்காவில் அரிசி அதிகம் விளைவதும் அங்கேதான்.

நன்றி கெட்டுப் பேசுவதாக நினைக்க வேண்டாம். பள்ளிக்கூடத்தில், அமெரிக்கத் தொண்டு நிறுவனமான 'கேர்' தந்த உப்புமாவுக்காக அலுமினியத் தட்டோடு வரிசையில் நின்றவன் நான். மஞ்சளாக இருக்கும், ஆறினால் கட்டியாகிவிடும். பசிக்கு அது அமிர்தம். அதே காலத்தில்தான், பி.எல். 480 என்ற அமெரிக்க உணவு உதவிச் சட்டத்தின்கீழ் கோதுமையும் வந்தது. அது இனாம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, ரூபாயில் விலை கொடுத்தோம். 1965-இலும் 1966-இலும் மழை பொய்த்தபோது அமெரிக்க அதிபர் ஜான்சன் கோதுமையை மாதக் கணக்கில் அளந்து விட்டார். வியட்நாம் போரைப் பற்றி டெல்லி வாய் திறந்தால் கப்பல் தாமதமாகும்.

இங்கேதான் நம் சி. சுப்பிரமணியம் வருகிறார். உணவு அமைச்சராக அவர் செய்த முக்கியமான இறக்குமதி சோறாக்கும் தானியம் அல்ல. 1966-இல் மெக்சிகோவிலிருந்து வந்த 18,000 டன் கோதுமை விதை. கூடவே, விளைச்சலுக்குக் கட்டுப்படியாகும் விலை கொடுத்து அரசே கொள்முதல் செய்ய ஏற்பாடு செய்தார். அதற்காக 1965-இல் தொடங்கிய இந்திய உணவுக் கழகம் தன் முதல் மாவட்ட அலுவலகத்தைத் திறந்தது உங்கள் தஞ்சாவூரில். மெக்சிகோவிலிருந்து வந்த அந்தக் குட்டைக் கோதுமை ரகங்களை உருவாக்கிய நார்மன் போர்லாக் அமெரிக்கர்; அவருக்குப் பின்னால் இருந்ததும் அமெரிக்க அறக்கட்டளைப் பணம். அதுவும் வெளிநாட்டு உதவிதான். ஆனால் விதை விவசாயியின் கையில் போய்ச் சேர்ந்தது. மியாமி அரிசி அவருக்குப் பக்கத்திலேயே கடை விரித்தது.

மருந்து வேறு கதை. 2003-இல் அமெரிக்க அதிபர் புஷ் தொடங்கிய எய்ட்ஸ் திட்டம் ஆப்பிரிக்காவில் லட்சக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றியது. மாத்திரை யாருடைய பிழைப்பையும் கெடுக்கவில்லை. யு.எஸ்.எய்டை மூடியது நல்லதாயிற்று என்று குதிப்பவர்களோடு நான் சேரமாட்டேன். அதே அமெரிக்காவில், உணவு உதவியில் குறைந்தது பாதியாவது அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பலில்தான் போகவேண்டும் என்றும் ஒரு சட்டம் உண்டு. 'கொட்டிக் கொடுத்த' கணக்கில் அந்தக் கப்பல் வாடகையும் சேர்த்தி.

இப்போது ஊழல். ஹைட்டியைச் சர்வாதிகாரிகளான துவாலியே தந்தையும் மகனும் 1957 முதல் 1986 வரை உறிஞ்சினார்கள். கம்யூனிஸ்ட் எதிர்ப்பாளர் என்பதால், களவு தெரிந்தும் மகனுக்கு வாஷிங்டனின் உதவி போய்க்கொண்டுதான் இருந்தது. 1986 பிப்ரவரியில் மக்கள் துரத்தியபோது அவர் குடும்பத்தோடு ஏறிப் போனது அமெரிக்க விமானப்படை விமானத்தில்.