யாழ்ப்பாணத்தில தனிய இருக்கிற அம்மா அப்பாவுக்கு வீட்டுப் பாதுகாப்புக்கு எந்த சொட்கன் நல்லது?

நீங்கள் கனடாவில இருந்து கேட்டிருக்கிறியள், அப்பாவுக்கு 70 தாண்டீட்டுது, ஊரில ரெண்டு பேரும் தனிய, பக்கத்து ஒழுங்கையில ஓட்டைப் பிரிச்சு இறங்கி நகை எடுத்திட்டாங்கள், அதால யூரியூப் வீடியோவுகளில வாற, கையால முன்பின் இழுத்துத் தோட்டா ஏத்திற பம்ப் அக்‌ஷன் சொட்கன்களில ரெமிங்டன் 870 நல்லதோ மொஸ்பேர்க் 500 நல்லதோ எண்டு. ரெண்டும் வேண்டாம். சும்மா வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டுப் போனா வேற ஆரிட்டையும் போய்க் கேப்பியள், அதால விளக்கமாவே எழுதுறன்.

முதல் சட்டம். இஞ்ச இலங்கையில துவக்கு கடைக்குப் போய் காசைக் குடுத்து வாங்கிற சாமான் இல்லை. 1916 ஆம் ஆண்டுச் சுடுகலன் கட்டளைச் சட்டம் இண்டைக்கும் நடைமுறையில கிடக்கு, லைசென்ஸ் இல்லாமல் வைச்சிருந்தா நேர நீதிமன்றம்தான், லைசென்ஸ் கிடைச்சாலும் வருசா வருசம் புதுப்பிக்கோணும். வயல் செய்யிற ஆக்களுக்கு பண்டி குரங்கைக் கலைக்க பயிர்ப் பாதுகாப்பு எண்டு கச்சேரியால, அதாவது மாவட்டச் செயலகத்தால, குடுக்கிறது ஒண்டு இருக்கு. தன்பாதுகாப்புக்கு எண்டால் பாதுகாப்பு அமைச்சிட்டப் போகோணும், அந்த அமைச்சே 2024 கடைசியில, தன்பாதுகாப்புக்கெண்டு ஏற்கெனவே குடுத்த துவக்குகளைக் கொண்டுவந்து ஒப்படையுங்கோ எண்டு அறிவிச்சது. இந்த நிலைமையில வயசு போன ஒரு ஆள் போய்க் கேட்டுக் குடுப்பினமோ யோசிச்சுப் பாருங்கோ. ஆரும் லைசென்ஸ் இல்லாத கட்டுத்துவக்கு, ஊரில செய்யிற துவக்கு, ஒண்டு எடுத்துத் தாறன் எண்டு சொன்னா அந்தப் பக்கமே தலை வைக்காதேங்கோ.

சரி, சட்டம் விட்டுது எண்டே வைப்பம். அந்த வீடியோவுகளில சொல்லுறது அமெரிக்கன் வீட்டுக்குச் சரி, அங்க உள்சுவர் ஜிப்சம் போர்ட், 12 போர் (போர் எண்டது குழலின்ர அகல அளவு) தோட்டாவில இருக்கிற பெரிய ரவை, வழமையா ஒன்பது உருண்டை, ஒவ்வொண்டும் 8 மில்லிமீற்றருக்கு மேல, அது ரெண்டு மூண்டு சுவரைத் துளைச்சுக்கொண்டு போகும் எண்டபடியாத்தான் அவங்கள் எந்தத் தோட்டா எண்டு இவ்வளவு யோசிக்கிறாங்கள். எங்கட வீடு கல்லுச் சுவர், துளைக்காது, தெறிக்கும். ஆனா யன்னல், பலகைக் கதவு, தகரம், அதுக்கு அங்கால பக்கத்து வீட்டுக் குசினி, அதெல்லாம் தடுக்காது. சொட்கன் எண்டால் குறி பாக்கத் தேவையில்லை, ரவை பரந்து போகும் எண்டு கன பேர் நினைக்கினம், அதுவும் பிழை. அஞ்சு மீற்றர் அறைக்குள்ள அது உள்ளங்கை அகலத்துக்குத்தான் விரியும், துவக்கைத் தோளில வைச்சுக் குறி பாக்கத் தெரியாதவர் சுட்டா அது வேற எங்கயோதான் போகும். பம்ப் அக்‌ஷனை இழுக்கிற சத்தத்துக்கே கள்ளன் ஓடுவான் எண்டதும் நம்பிப் படுக்கக்கூடிய விசயம் இல்லை, வாளோட நாலைஞ்சு பேரா வாறவங்களுக்கு நீங்கள் எங்க நிக்கிறியள் எண்டுதான் அந்தச் சத்தம் சொல்லிக் குடுக்கும். 12ஐ விடக் குழல் சின்னனான 20 போர் எண்டால் தோளில உதைக்கிறது குறைவு, வயசானவைக்குக் கொஞ்சம் சுகம், உண்மை. ஆனா இஞ்ச கண்ணில படுறது அனேகமா 12 போர் ஒருகுழல் இல்லாட்டி இருகுழல்தான்.

கிளிநொச்சிப் பக்கம் என்ர மாமா ஒருத்தர் பண்டிக்கெண்டு லைசென்ஸோட ஒரு பழைய ஒருகுழல் வைச்சிருக்கிறார். வயலால வந்தா வீட்டு வாசல்படி ஏற முன்னம் பெருவிரலால நெம்பைத் தள்ளுவார், குழல் மடிஞ்சு கீழ விழும், தோட்டாவை உள்ளங்கையில எடுத்து சட்டைப் பொக்கற்றில போட்டிட்டு, குழலை வானத்துப் பக்கம் பிடிச்சு ஒரு கண்ணால உள்ளுக்குப் பாத்து, எண்ணெய்த் துணியால துடைச்சுப்போட்டுத்தான் உள்ள கொண்டு போவார். துவக்கு ஒரு அலுமாரி, தோட்டா இன்னொரு அலுமாரி, திறப்பு அவற்ற அரைஞாணில. பேரப்பிள்ளையள் ஓடித் திரியிற வீடு, அப்பிடித்தான் வைக்கோணும். ஆனா பாருங்கோ, அப்பிடிப் பூட்டி வைச்ச துவக்கை இரவு ரெண்டு மணிக்கு ஓடு பிரியிற சத்தம் கேட்டு எழும்பி, கண்ணாடி தேடி, திறப்புத் தேடி, ரெண்டு அலுமாரியும் திறந்து எடுக்க முன்னம் கள்ளன் உள்ளுக்கு வந்திடுவான். பூட்டாமல் தலைமாட்டில வைச்சா, இருட்டுக்குள்ள நடைபாதையில அசையிறது கள்ளனோ, கிணத்தடிப் பக்கம் கக்கூஸுக்குப் போட்டு வாற அம்மாவோ எண்டு பாக்கிறது ஆர்? எனக்கு நித்திரை வராத விசயம் இதுதான்.

இன்னொண்டு, ஊரில வயசானவையைக் கேட்டா சொல்லுவினம், 80களில லைசென்ஸ் துவக்கு வைச்சிருந்த வீடுகளுக்கு ஆக்கள் வந்ததே அந்தத் துவக்கைத் தேடித்தான். துவக்கு இருக்கெண்டு ஊருக்குத் தெரிஞ்ச வீட்டுக்கு அது காவல் இல்லை, களவெடுக்க இன்னொரு சாமான் கூடுது.

சட்டத்தில தன்னைக் காப்பாத்துற உரிமை இருக்கு, தண்டனைச் சட்டக்கோவையில 89 ஆம் பிரிவில இருந்து வருது. ஆனா தேவைக்கு மிஞ்சின தீங்குக்கு அந்த உரிமை இல்லை, அது தேவையோ மிஞ்சினதோ எண்டு முடிவெடுக்கிறது நீதிமன்றம். ஓடுற கள்ளன்ர முதுகில பட்டுதெண்டால் அப்பா கடைசிக் காலத்தில தவணை தவணையா அலையோணும்.

அந்தக் காசை வேற மாதிரிச் செலவழியுங்கோ. படுக்கிற அறைக்குக் கெட்டியான கதவு, உள்ளால ரெண்டு கொண்டி, அந்த அறைக்குள்ளயே போனும் சார்ஜரும், பொலிஸின்ர 119 ஓட சேர்த்து பக்கத்து வீட்டு நம்பரும் ஒரு பட்டனில. ஓட்டு வீடெண்டால் அந்த அறைக்கு மேல மட்டும் எண்டாலும் இரும்புக் கம்பி வலை அடியுங்கோ. பின்பக்கம் ஆள் அசைஞ்சா எரியிற லைற். ஊர்நாய் ஒண்டுக்கு நேரத்துக்குச் சோறு வைச்சாலே அது முத்தத்தை விட்டுப் போகாது. நகையை வங்கி லொக்கரில போடச் சொல்லுங்கோ, முக்கியமா நீங்கள் லீவில வந்து நிக்கேக்க, வெளிநாட்டில இருந்து ஆள் வந்த வீடெண்டால் பாத்துக்கொண்டிருக்கிறாங்கள். சத்தம் கேட்டா அறையைப் பூட்டிப்போட்டுக் கூப்பிடுறதுதான் வேலை, வெளிய வந்து பாக்கிறது இல்லை எண்டு அப்பாவுக்கு நீங்களே சொல்லோணும், என்ன மாதிரிச் சொன்னாலும் அவர் எழும்பி வரத்தான் பாப்பார்.

அனேகமான வீடுகளில குசினிக் கதவுதான் நொய்ஞ்சு போய்க் கிடக்கும். உங்கட வீட்டின்ர பின்பக்கம் எப்பிடி, ஓடோ தட்டோ எண்டு கீழ எழுதுங்கோ, எதை முதல் மாத்துறதெண்டு சொல்லுறன்.