அண்டார்டிகா க்ரூஸ்ல எண்டூரன்ஸ் கப்பலைப் பாக்க முடியுமா?

வாசகர் ஒருத்தர் கேட்டிருக்கார்: ரிட்டயர்மென்ட் காசுல நானும் வீட்டம்மாவும் அண்டார்டிகா க்ரூஸ் போறோம், அர்ஜென்டினாவோட உஷுவாயால கப்பல் ஏறணும், 2022ல கண்டுபிடிச்சாங்களே, துருவப் பயணி ஷாக்கில்டனோட, ஐஸ்ல நசுங்கி முழுகின எண்டூரன்ஸ் கப்பல், அதைக் காட்டுவாங்களா, அதுக்காக வெடல் கடல் பேக்கேஜுக்கு எக்ஸ்ட்ரா கட்டலாமா?

சார், கப்பலுக்காகன்னா ஒத்த ரூபா கட்டாதீங்க. அது கிடக்கறது வெடல் கடல்ல 3,008 மீட்டர் ஆழத்துல, மேல ஐஸ் மூடிக் கெடக்கற இடம், தென்னாப்பிரிக்காவோட ஐஸ் உடைக்கற கப்பல் அகுல்லாஸ் 2ல போயி ரோபோவை உள்ள விட்டுத்தான் 2022 மார்ச் 5ல கண்டுபிடிச்சாங்க. இதுல எனக்குப் பெரிய ஆச்சரியம் எண்டூரன்ஸோட கேப்டன் வொர்ஸ்லிதான். 1915 நவம்பர் 21 சாயங்காலம் கப்பல் முழுகுது, வானம் மூடியிருந்ததால சூரியனைப் பாக்க முடியல, மறுநாள் சூரியனோட உயரத்தை அளக்கற செக்ஸ்டன்ட் கருவில பாத்து, முழுகின இடத்தைக் கணக்குப் போட்டு டைரில எழுதி வெச்சார், 106 வருஷம் கழிச்சுப் பாத்தா கப்பல் அதுல இருந்து சுமார் நாலு மைல் தெக்கால இருக்கு, அவ்ளோதான்!

மரம் எப்படி மக்கலன்னு அடுத்து கேப்பீங்க. அந்தக் கண்டத்துல மரமே கிடையாது, அதனால மரத்தைத் துளைச்சுத் திங்கற கடல் புழுவும் அங்க பொழைக்கறதில்ல. பின்பக்கம் வளைவா எழுதின பேரு அப்படியே படிக்கலாம், கீழ ஒரு நட்சத்திரம், அது கப்பலோட பழைய பேரு போலாரிஸ்ங்கறதோட மிச்சம். அண்டார்டிக் ஒப்பந்தப்படி பாதுகாப்புல இருக்கு, அதனால போனவங்க போட்டோ, ஸ்கேன் எடுத்தாங்களே தவிர ஒரு ஆணியைக்கூட எடுத்துட்டு வரல.

அந்தக் காசுக்கு நான் சொல்றது வேற. எலிஃபன்ட் தீவு வர்ற ரூட்டா பாருங்க, கப்பல் முழுகினப்புறம் கவுத்துப் போட்ட ரெண்டு படகுக்கு அடியில எண்டூரன்ஸ் ஆளுங்க 22 பேர் நாலரை மாசம் கெடந்த பாயின்ட் வைல்டை, கடல் ஒத்துழைச்சா, கிட்டக்க போயி பாக்கலாம், இறங்கறதெல்லாம் அபூர்வம். சவுத் ஜார்ஜியா தீவும் சேத்தா அங்க க்ரிட்விகன்ல ஷாக்கில்டன் சமாதி இருக்கு. என்ன, நாளும் கூடும் செலவும் கூடும், வயித்தைப் பெரட்டற கடல் வேற, வீட்டம்மாகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க.

துருவத்துக்குப் போன கப்பல்ல ஏறியே ஆகணும்னா ஆஸ்லோவுல ஃப்ராம் இருக்கு. ஐஸ் நெருக்கினா மேல எழும்பிக்கற மாதிரி அடிப்பாகத்தை உருண்டையா கட்டினாங்க, எண்டூரன்ஸுக்கு அந்த உருண்டை இல்ல, நசுங்கிருச்சு. ஃப்ராம்ல டெக், கேபின் எல்லாம் நடந்தே பாக்கலாம், மாத்திரை போட வேண்டியதில்ல.