‘வரை’ன்னா பத்தும் சேர்த்தியா?

காரைக்குடிப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் தமிழ்ச் சொற்களை வைத்துப் புது நிரல்மொழி ஒன்று செய்துகொண்டிருக்கிறார்கள். லூப், அதாவது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் கட்டளை, எழுதும் முறை பற்றி அவர்கள் என்னிடம் கேட்டதும், நான் சொன்னதும்.

கானாடுகாத்தான் தம்பி: அண்ணே, ‘1 முதல் 10 வரை’ன்னு எழுதினா 10 சேரணுமா? பைத்தான் மொழியில சேராதே.

சேரணும் தம்பி. ஒண்ணு முதல் பத்து வரை சொல்லுன்னா ஒன்பதோட நிறுத்துற பிள்ளை உண்டா? பாஸ்கல், லுவா மொழி இரண்டிலும் கடைசி எண் சேரும்.

பைத்தான் பக்கமும் நியாயம் இருக்கு. 1982-ல் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா இதைப் பத்தி எழுதின குறிப்பைத் தேடிப் படிங்க. கடைசி எண்ணைச் சேர்க்காம விட்டா, முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழிச்சாலே எண்ணிக்கை வந்துடும். 0 முதல் 5, 5 முதல் 10-ன்னு பிரிச்சாலும் 5 இரண்டு தரம் வராது.

உங்க ஊர் வீட்டு வளவுல நின்னு பாருங்க. ஒரு வரிசையில 8 தூண் இருந்தா இடைவெளி 7. ஒவ்வொரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் நடுவுல ஒரு விளக்கு மாட்டணும்னு நிரல் எழுதி, லூப்பை 1 முதல் 8 வரை ஓட விட்டா, எட்டாவது சுத்துல இல்லாத ஒன்பதாவது தூணைத் தேடும். லூப் தப்பு பலதும் இந்தக் கடைசிச் சுத்துலதான் நடக்குது.

அதனால இரண்டும் வேணும், ஆனா சொல் வேற வேற இருக்கணும். ‘1 முதல் 10 வரை’ன்னா 10 சேரும், ‘0 முதல் 10-க்கு முன்’னா சேராது. ‘1...10’ மாதிரி புள்ளி வச்சுப் பிரிக்காதீங்க. மூணு புள்ளி வச்சா ரூபி மொழியில கடைசி எண் சேராது, ஸ்விஃப்ட்ல சேரும். இரண்டிலும் எழுதுறவன் பாடு திண்டாட்டம்.

தேவகோட்டை தங்கை: தமிழ்ல நிரல் எழுதுற எழில் மொழியில, நிபந்தனை உண்மையா இருக்கிறப்ப ஓடுற ‘வைல்’ லூப்புக்கு ‘வரை’ன்னுதானே இருக்கு, நாங்களும் அதையே வச்சுக்கலாமா அண்ணே?

எழில் நிபந்தனையை முன்னால வச்சு, சொல்லைப் பின்னால போட்டது ரொம்பச் சரி. தமிழ் வாக்கியம் அப்படித்தான் ஓடும். அதை அப்படியே எடுத்துக்கோங்கம்மா. ஆனா ‘வரை’யை மட்டும் தனியா விடாதீங்க.

‘தண்ணி இருக்கும் வரை இறை.’ ‘தொட்டி நிறையும் வரை இறை.’ முதல் வாக்கியத்துல நிபந்தனை உண்மையா இருக்கிறப்ப வேலை நடக்குது. இரண்டாவதுல அது உண்மையானதும் வேலை நிக்குது. நேர் எதிரான இரண்டு பொருளையும் ஒரே ‘வரை’ தாங்குது. அதனால ‘உள்ளவரை’, ‘ஆகும்வரை’ன்னு இரண்டு சொல்லா வையுங்க. வெறும் ‘வரை’ எண்களுக்கு மட்டும் இருக்கட்டும்.

பள்ளத்தூர் தம்பி: ஒரு தரமாவது ஓடுற லூப் தனியா வேணுமா?

வேண்டாம். ஏடா மொழி மாதிரி ‘சுற்று’ன்னு ஒண்ணு வச்சு, நடுவுல எங்க வேணும்னாலும் வெளியேற வழி விடுங்க. ஒரு வரியைப் படிச்சு, அது காலியான்னு பார்த்து, அப்புறம் வேலை செய்யுற இடத்துக்கெல்லாம் அதுதான் பொருந்தும்.

அதே தம்பி: லூப் மாறி, அதாவது அந்தந்தச் சுத்தோட மதிப்பை வச்சிருக்கிற பேர், ஒவ்வொரு சுத்துக்கும் புதுசா பிறக்கணுமா, ஒண்ணே இருந்தாப் போதுமா?

புதுசா பிறக்கணும். நான் முன்னால வேலை பார்த்த இடத்துல லூப் போட்டு ஒரு வரிசைப் பொத்தான் செஞ்சேன். எதை அமுக்கினாலும் கடைசி வாடிக்கையாளர் பேரே வந்துச்சு. எல்லாப் பொத்தானும் ஒரே மாறியைப் பிடிச்சிருந்ததுதான் காரணம். கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆச்சு. சி ஷார்ப் மொழி 2012-ல், வரிசையில உள்ள ஒவ்வொண்ணையும் எடுத்து ஓடுற ‘ஃபார்ஈச்’ லூப்புக்கு இதைத் திருத்துச்சு, கோ மொழி 2024-ல் திருத்துச்சு. பழைய நிரல் உடையுமோன்னு பயந்து பயந்து மாத்த வேண்டியிருந்தது. உங்க மொழியில இன்னும் யாரும் எழுத ஆரம்பிக்கலை, இப்பவே சரியா வச்சுடுங்க.

தேவகோட்டை தங்கை: லூப்பை மூட ‘முடி’ போதுமா அண்ணே?

ஒரு லூப்னா போதும். மூணு அடுக்கு ஆனா எந்த ‘முடி’ எதை மூடுதுன்னு தெரியாது. லூப்புக்கு ‘சுற்று முடி’, நிபந்தனைக்கு ‘ஆனால் முடி’ன்னு வையுங்கம்மா, ஒண்ணு விட்டுப்போனாலும் நிரலைக் கணினிக்கு மொழிபெயர்க்கிற கம்பைலர் தப்பான இடத்தைக் காட்டுறது சுலபம்.